மார்லீன் சொன்னதும் கொழும்பில் அச்சானதும்

1

போன மாதம் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் வெளிநாட்டுப் பக்கத்தில் என் பெயரோடு ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் ஒரு சலவைச்சாலையில் வேலை செய்யும் பெண், தன் நாட்டு ஜனாதிபதியின் முகம் பதித்த பீங்கான் தட்டைச் சுவரில் மாட்டி ஒவ்வொரு ஞாயிறும் துடைத்து வைக்கிறார் என்று அதில் இருந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதைப் படித்துச் சிரித்தவர்கள் பலர் என்று கேள்விப்பட்டேன். சிலர் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

அந்தப் பெண்ணின் பெயர் மார்லீன். அச்சான வரிகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அச்சாகாத ஒன்று இருக்கிறது. இந்த முறை அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டை வாங்கிக் கொடுத்தது மார்லீனின் ஒரே மகன். அவன் அந்த ஜனாதிபதிக்கு வாக்களிக்காதவன். ஈராக் போருக்குச் சிப்பாயாகப் போவதற்கு முந்தின வாரம், ஒரு சந்தையில் கண்டு, "இந்தா அம்மா, உன்ர ஆள்" என்று சிரித்தபடி பகிடிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். மார்லீன் துடைப்பது மகன் கொடுத்த தட்டை.

இதை எழுதியும் இருந்தேன், ஆனால் உங்களிடம் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

கட்டுரை வந்த செய்தி எனக்கு எட்டியது அப்பா மூலம். அப்பா கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எழுத வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். என் பெயர் பத்திரிகையில் வந்தால் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். கொச்சிக்கடையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கிட்ட இருக்கும் தேநீர்க் கடைக்கு நேரே கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கேட்க வாசிக்கச் சொல்வார். அந்த நேரத்துக்கு அவருடைய தேநீருக்கு வேறு யாராவது காசு கொடுத்துவிடுவார்கள்.

"மகன், கடையில சிரிச்சு ஏலாமப் போச்சு," என்றார் அந்த ஞாயிற்றுக்கிழமை. "தட்டுக்கு மெழுகுதிரியும் கொளுத்துறாளா என்டு ஒருத்தன் கேக்கச் சொன்னான்."

"அப்பா, அது அப்படி இல்ல..."

"நல்லா எழுதியிருக்கிறாய். எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பைத்தியத்தப் பத்தி இன்னும் எழுது மகன்."

தொலைபேசி அட்டை முடிந்துவிட்டது. இங்கே காலை ஒன்பது மணி. வெளியே பனியை வாரிக் குவிக்கும் வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு நின்றேன்.

2

நான் இங்கே வந்து இந்த மார்கழியோடு மூன்று வருடம். ஆஸ்பத்திரிகளின் துணிகளைக் கழுவி அனுப்பும் ஒரு பெரிய சலவைச்சாலையில் வேலை. ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, மடிப்பில்லாமல் வெளியே வரும். இரண்டு பேரின் கையும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் விரிப்பு கோணலாகச் சுருண்டு உருளையில் சிக்கும். சிக்கினால் மேற்பார்வையாளர் வருவார். ஆகவே பக்கத்தில் நிற்பவர் யார் என்பது முக்கியம். இரண்டு வருடமாக என் பக்கத்தில் நின்றவர் மார்லீன்.

மார்லீனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாள், வாய்ப்பழக்கத்தில் "அன்ரி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"நான் உன்ர அப்பாவின்ட தங்கச்சியா?" என்றார்.

"இல்லை."

"அப்ப மார்லீன் என்டு கூப்பிடு."

அவர் பேசுவது ஆங்கிலம்தான். அதை எழுத்துத் தமிழில் போட்டால் அவர் ஒரு கல்லூரி அதிபர் மாதிரித் தெரிவார். அதனால் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுப் பேச்சில் போடுகிறேன். என் ஆங்கிலமும் அவருக்கு வேடிக்கைதான். நான் கொழும்பில் பேசுவது மாதிரி ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் ஒரு 'நோ' போடுவேன். "இன்றைக்குக் குளிர், நோ?" என்பேன். "நீதானே குளிர் என்டாய், பிறகு ஏன் நோ என்கிறாய்?" என்று கேட்டுவிட்டு விரிப்பின் முனையை எடுப்பார்.

மார்லீன் ஜனாதிபதிக்கு வாக்களித்தவர், இரண்டு முறையும். அதை மறைக்க மாட்டார், மேளம் அடிக்கவும் மாட்டார். அவருடைய குறை தொலைக்காட்சியோடும் பத்திரிகையோடும்தான்.

எங்கள் சாப்பாட்டு அறையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. ஒரு அலைவரிசையில் அதே ஜனாதிபதி ஊரைக் காக்க வந்த புனிதர். அடுத்த அலைவரிசையில் சொந்தப் பேச்சையே வாசிக்கத் தெரியாத மடையர். இரண்டு கட்சிக்காரருக்கும் இடையில் ரிமோட்டுக்காக நடந்த சண்டையில் ஒருநாள் சூப் கோப்பை ஒன்று பறந்தது. அன்றிலிருந்து மேற்பார்வையாளர் ரிமோட்டைத் தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்துவிட்டார். இப்போது நாங்கள் முப்பது பேரும் தினமும் மதியம் யாரோ கேக் செய்வதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

ஒருநாள் யாரோ விட்டுப்போன பத்திரிகை மேசையில் கிடந்தது. முதற் பக்கத்தில் ஜனாதிபதி வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கண் பாதி மூடிய நிலையில் இருந்தார். மார்லீன் அதில் விரலை வைத்தார்.

"ஒரு மனுசன் ஒரு மணித்தியாலம் பேசினா எத்தின முறை வாயத் திறப்பான், மூடுவான்? இவங்களுக்கு மட்டும் எப்பவும் இந்தப் படம்தான் கிடைக்குதா?"

நான் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் பதில் தெரியும் என்பதுதான் காரணம்.

3

இங்கே வருமுன் கொழும்பில் அந்தத் தமிழ்ப் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தில் மூன்று வருடம் வேலை செய்தேன். செய்தி நிறுவனங்கள் அனுப்புவதைத் தமிழாக்குவது என் வேலை. படங்களும் வரும். ஒரே கூட்டத்தில் எடுத்த படம் பத்துப் பதினைந்து வரும். அதில் வாய் திறந்திருப்பதைத்தான் எடுப்போம். நான் எடுப்பேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.

வினைச்சொல்லும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஜனாதிபதி ஏதோ 'சொன்னார்' என்று மட்டும் இருக்கும். எங்கள் பக்கத்தில் அவர் கொக்கரிப்பார், மழுப்புவார், உளறுவார், சீறுவார். மூன்று வருடத்தில் அவர் சாதாரணமாக ஒன்றைச் சொன்னதாக நான் எழுதியது குறைவு. அவரோடு எனக்கு என்ன பகை? அவருடைய போர் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதற் பக்கத்தில் எங்கள் கை கட்டப்பட்டிருந்தது. வடக்கில் என்ன நடக்கிறது என்று எழுத, ஒருவர் அனுமதிக்க வேண்டும், இன்னொருவர் கோபிக்காமல் இருக்க வேண்டும். 'படைத்தரப்பு தெரிவித்தது', 'மறுதரப்பு மறுத்தது' என்பதற்கு அப்பால் ஒரு சொல் கூட்டினாலும் ஆபத்து. அங்கே ஒவ்வொரு சொல்லையும் தராசில் போட்டு எழுதியவர்கள், வெளிநாட்டுப் பக்கத்துக்கு வந்ததும் கையை நீட்டிக்கொண்டோம். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஜனாதிபதி எங்கள் அலுவலகத்துக்கு ஆள் அனுப்ப மாட்டார். உள்ளூரில் யாரையோ ஏச வேண்டிய ஏச்சையெல்லாம் அவருக்கு ஏசினோம். வாசகர்களுக்கும் அது பிடித்திருந்தது. பஸ்ஸில் பயமில்லாமல் உரத்துப் படிக்கக்கூடிய ஒரே பக்கம் அதுதான்.

4

செய்தியில் எழுதப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலும் இல்லை.

சனிக்கிழமை மாலைகளில் ஆங்கில வகுப்புக்கு வெள்ளவத்தைக்குப் போவேன். மழை நாள் ஒன்றில், வகுப்பு முடிந்து, கூடப் படித்த யாழ்ப்பாணத்து நண்பனின் லொட்ஜில் தங்கிவிட்டேன். விடிய ஐந்தரைக்குப் பொலிஸார் கதவைத் தட்டினார்கள். முழு மாடியையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

"கொட்டாஞ்சேனை ஆளுக்கு இங்கே என்ன வேலை?" என்று என் அடையாள அட்டையைப் பார்த்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். துறைமுகப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சரளமாகப் பதில் சொன்னேன். அது உதவும் என்று நினைத்தேன்.

"இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய்?" என்றார். சந்தேகம் கூடிவிட்டது.

அடுத்த நாள் மதியம் விட்டார்கள். அப்பா பொலிஸ் நிலைய வாசலில், எனக்குச் சாப்பிடப் பாண் வைத்த பையோடு நின்றார். நேற்றிலிருந்து நிற்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனால், எங்கள் பத்திரிகையிலேயே செய்தி வந்திருந்தது. வெள்ளவத்தை விடுதியில் தமிழ் இளைஞர்கள் சந்தேகத்தின் பேரில் கைது என்று பொலிஸார் கொடுத்ததை அப்படியே போட்டிருந்தார்கள். அந்த 'இளைஞர்களில்' நானும் ஒருவன்.

"எங்களை விட்டதையும் போடலாம்தானே?" என்று செய்தி மேசையில் கேட்டேன்.

"பிடிச்சாத்தான் தம்பி செய்தி. விட்டா என்ன செய்தி?" என்றார்கள். நானும் சிரித்தேன். என் மேசைக்குப் போய் ஜனாதிபதியை உளற வைத்தேன்.

அந்தச் செய்தியை இங்கே மறுபடி சந்தித்தேன். வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது, எந்த நாட்டிலாவது, கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? ஒரு பெட்டி ஆம், ஒரு பெட்டி இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெட்டி இல்லை. ஆம் என்று போட்டால் விளக்கமும் சான்றும் வேண்டும். பிடித்ததற்குச் சான்றாகப் பத்திரிகை இருக்கிறது. விட்டதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. படிவம் நிரப்ப உதவிய தேவாலயத் தொண்டர், "உன்னைத் தினமும் பார்க்கும் யாராவது உன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதட்டும்" என்றார்.

மார்லீனிடம் கேட்டேன். கைதான கதையையும் சொன்னேன். உருளைச் சத்தத்தில் பாதியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த நாள் கோடு போட்ட தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்தார். அதில் இருந்தது: இவனோடு இரண்டு வருடமாக ஒரே உருளையில் நிற்கிறேன். என் கை நோகும் நாட்களில் பாரமான பக்கத்தை இவன் எடுப்பான். திங்கட்கிழமைகளில் பத்து நிமிடம் பிந்துவான். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமையை ஏன் எழுதினீங்கள்?" என்று கேட்டேன்.

"பிந்துறாய்தானே?"

"ஓம், ஆனா..."

"நல்லத மட்டும் எழுதினா அது விளம்பரம். ஒரு மனுசனப் பத்தி எழுதினா மாதிரி இருக்கோணும்."

5

அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து சேர் கூப்பிட்டார். சேர் என்றால் வெளிநாட்டுப் பக்கத்தின் பொறுப்பாசிரியர், யாழ்ப்பாணத்தவர், என்னை வேலைக்கு எடுத்தவர்.

"தம்பி, நீர் அங்க கிடந்து என்ன செய்யிறீர்? எங்களுக்கு ஏதும் எழுதும். இந்த ஜனாதிபதிக்கு வோட் போட்ட சனம் என்ன மாதிரிச் சனம் எண்டு ஒரு கட்டுரை. ஆரும் அகப்படுவினமே?"

"ஒருத்தர் இருக்கிறா சேர். என்னோட வேலை செய்யிற மனுசி."

"அவவைப் பிடியும். ஆனா பகிடி இருக்கோணும். சனம் வேற பக்கத்தைப் பாத்து அழுது களைச்சுப் போய் இந்தப் பக்கத்துக்கு வருது. விளங்குதே?"

விளங்கியது. மூன்று வருடத்துக்குப் பிறகு என் பெயர் மறுபடி அச்சில் வரப்போகிறது. அப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோவார்.

மார்லீன் உடனே சம்மதிக்கவில்லை. மூன்று விரிப்புகள் உருளைக்குள் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உங்கட ஊரில என்னைத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லதானே?"

"இல்லை."

"அப்ப நீ எழுதுற மாதிரித்தான் அவங்களுக்கு நான்."

"ஓம்."

"நான் சொன்னபடி எழுதுவாய் என்டாப் பேசுறன். என்னை நல்லவளாக் காட்டத் தேவையில்ல. நான் சொன்னத மட்டும் எழுது."

அந்த ஞாயிறு அவர் வீட்டுச் சமையலறையில் இருந்து பேசினோம். தட்டு அங்கேதான் இருந்தது, அடுப்புக்கு மேலே. அதற்குப் பக்கத்தில் சீருடையில் மகன் டானியின் படம். பேச்சுக்கு நடுவில் எழுந்து இரண்டையும் துடைத்தார். தட்டு வந்த கதையை அப்போதுதான் சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

நிறையச் சொன்னார். புயல் அடித்த ஊருக்கு ஜனாதிபதி போனபோது, அவர் அங்கே ஒரு கிழவரோடு வெகுநேரம் பேசினதைக் காட்டாமல், சேறு படாத சப்பாத்தை மட்டும் காட்டினார்களாம். "அவர் அங்க பிந்தித்தான் போனார். அது பிழைதான். அதச் சொல்லட்டும். சப்பாத்த ஏன் காட்டுறான்?" என்றார். போரைப் பற்றிக் கேட்டேன். "முதல்ல சரி என்டு நினைச்சன். இப்பத் தெரியல்ல. ஆனா தெரியல்ல என்டு சொல்ற ஆளை டீவியில ஒரு பக்கமும் கூப்பிட மாட்டாங்க. ஒன்டு அவர்ட ஆள், இல்லாட்டி அவர்ட எதிரி." டானியிடமிருந்து கடிதம் வந்து எத்தனை வாரம் என்று நான் கேட்கவில்லை. தபால் வண்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை என்று தானே சொல்லிக்கொண்டு மறுபடி இருந்தார். அது யாரோ ஒருவரின் வான்.

6

எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் கூட்டவில்லை. ஆனால் எழுதிய ஒழுங்கு என்னுடையது.

முதல் பந்தியில் தட்டை வைத்தேன். நாங்கள் வீட்டில் புனிதரின் சுரூபத்தைத் துடைப்பது மாதிரி அவர் அதைத் துடைத்தார் என்று ஒரு வரி. அதைப் படித்தால் சேர் கட்டுரையை எடுப்பார் என்று தெரியும். பிறகு சப்பாத்து, ரிமோட் சண்டை, கேக். தட்டு யார் கொடுத்தது என்பதையும், டானியையும், 'இப்பத் தெரியல்ல' என்பதையும் கடைசி இரண்டு பந்திகளில் வைத்தேன். முடிவில் ஒரு திருப்பம் வந்தால் அழகாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பத்திரிகை மேசையில் இருந்த யாருக்கும் இந்தக் காரணம் எவ்வளவு பொய் என்று தெரியும். பக்கம் கட்டும்போது இடம் போதாவிட்டால் வாலிலிருந்துதான் வெட்டுவார்கள். விளம்பரம் ஒன்று வந்தால் கடைசிப் பந்தி போகும், இரண்டு வந்தால் இரண்டு பந்தி போகும். படித்துப் பார்த்து வெட்ட நேரம் இராது. மூன்று வருடம் மற்றவர்களின் வாலை நான் வெட்டியிருக்கிறேன். போனால் போகட்டும் என்று நினைப்பதைத்தான் கடைசியில் வைப்போம். போகக்கூடாததை மேலே ஏற்றுவோம். இது தெரிந்த ஒருவன் டானியைக் கடைசியில் வைத்தான் என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான்.

போயிற்று, இரண்டு பந்தியும்.

7

அப்பா பெருமையோடு மூன்று பிரதிகள் தபாலில் அனுப்பியிருந்தார். மார்லீன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையில் விரித்துக் காட்டினேன். எங்கள் எழுத்துகளைப் பார்த்து, "எல்லாம் வட்டம் வட்டமா வடிவா இருக்கு" என்றார். பிறகு, "நான் எங்க?" என்றார்.

கட்டுரைக்கு நடுவில் ஜனாதிபதியின் படம் இருந்தது, வாய் திறந்தபடி.

மார்லீன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வாசி," என்றார்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதியதை முழுதாகச் சொல்லிவிட்டு, இதுதான் அச்சாகியிருக்கிறது என்று தாளை மடித்து வைத்திருக்கலாம். அவர் சந்தோஷப்பட்டிருப்பார், அந்தத் தாளைச் சட்டம் போட்டும் வைத்திருப்பார். அப்படிச் செய்யத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தலைப்பில் விரல் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒருவருக்கு அந்தத் தலைப்பில் இல்லாததைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"தட்டுக்குப் பூசை செய்யும் அம்மணி," என்று வாசித்தேன்.

பூசை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். நான் வரி வரியாக, அச்சில் இருந்தபடியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். தொலைக்காட்சியில் ஒருவர் முட்டை அடித்துக்கொண்டிருந்தார். கட்டுரை முடிந்தது.

"டானி?"

"இல்லை."

"நீ எழுதவே இல்லையா, அவங்க எடுத்தாங்களா?"

"எழுதினேன். அவங்க எடுத்துட்டாங்க."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அதுவும் வாலை வெட்டிய கதையாகத்தான் இருந்திருக்கும். கடைசிப் பந்தி என்றால் எங்கள் மேசையில் என்ன நடக்கும் என்பதையும், அது தெரிந்துதான் அங்கே வைத்தேன் என்பதையும் சொன்னேன்.

மார்லீன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "எங்கட டீவிக்காரர் செய்தா கோவம் வரும். நீ செய்ததுக்கு என்ன வருதென்டு தெரியல்ல," என்றார். அன்று பின்னேரம் மேற்பார்வையாளரிடம் கேட்டு, துவாய் மடிக்கும் மேசைக்கு மாறிவிட்டார்.

என் பக்கத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அந்த வாரம் நான்கு விரிப்புகள் சிக்கின.

குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் நாளுக்கு முதல் நாள், கடிதத்தை எடுத்துக்கொண்டு துவாய் மேசைக்குப் போனேன். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை என்ற வரியோடு அதைக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏன் திருப்பித் தாறாய்?"

"இதை நீங்கள் எழுதேக்க நான் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கல்ல."

"நான் எழுதினதில பொய் இருக்கா?"

"திங்கட்கிழமை பிந்துறது உண்மை. மற்றது..."

"வாசிச்சுக் காட்டேக்க நீ மறைச்சிருக்கலாம், மறைக்கல்ல. அப்ப அந்த வரி நிக்கும்." ஒரு துவாயை மடித்து வைத்தார். "கோவம் வேற, கடிதம் வேற. கொண்டுபோய்க் குடு." நான் திரும்பும்போது கேட்டார். "உங்கட ஊரில இன்னும் சிரிக்கிறாங்களா?"

"ஓம்."

"அத நிப்பாட்டு. எனக்கு அதுதான் வேணும்."

கடிதத்தைக் கொடுத்தேன். அட்டை இன்னும் வரவில்லை.

8

சேரைக் கூப்பிட்டேன். விட்டுப்போன இரண்டு பந்தியையும் ஒரு சின்னப் பெட்டியில் போடச் சொன்னேன்.

"என்ன தம்பி, திருத்தமே? வெளிநாட்டுப் பக்கத்துக்கோ?" சேர் கோபப்படவில்லை, களைத்த குரலில்தான் பேசினார். "அப்படித் திருத்தம் போடுறதெண்டா, முதல்ல முன்பக்கத்தில போடவேண்டியது எவ்வளவு கிடக்கு சொல்லும்? அதோட அந்த மனுசி தமிழ்ப் பேப்பர் வாசிக்கப் போறாவே?"

"நான் வாசிச்சுக் காட்டினனான் சேர்."

"நீர் ஏன் ஐசே வாசிச்சுக் காட்டினனீர்?" என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு.

அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் எதை எழுதாமல் விடுவது என்று யோசித்து உயிரோடு இருப்பவர். இந்தச் சிறு சஞ்சிகை இடம் தந்ததால் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஆனால் தேநீர்க் கடையில் சஞ்சிகை வாசிக்க மாட்டார்கள். ஆகவே இதை எழுதத் தொடங்குமுன் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, அந்தத் தட்டு மனுசி இருக்கிறாதானே..."

"ஓ, பூசை அம்மா!"

"அவட பேர் மார்லீன். நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

சொன்னேன். தட்டு யார் கொடுத்தது, மகன் எங்கே நிற்கிறான், பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் கோயில் மணி கேட்டது.

"பையன் சண்டையிலயா நிக்கிறான்?"

"ஓம் அப்பா."

"கடிதம் வருதா?"

"எப்பவாவது வரும்."

"இத ஏன் பேப்பர்ல போடல்ல?"

"வெட்டுப்பட்டுட்டு. இனிப் போடவும் மாட்டாங்களாம்."

"போடாட்டிப் போகட்டும். நான் போய்ச் சொல்றன்." செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. "அன்டைக்கு இருந்தவங்க எல்லாம் இப்பக் கடையிலதான் இருப்பாங்க. மார்லீன். ஒரே மகன். தட்டு மகன் பகிடிக்குக் குடுத்தது. அவன் பேர் என்ன?"

"டானி. டானியல்."

"தானியேலா? பைபிள் பேர், அது மறக்காது. வேற ஏதும் விட்டுப்போச்சா மகன்?"

யோசித்தேன்.

"அப்பா, கேட்டாங்க என்டா, பேப்பர்காரர் விட்டது என்டு சொல்லாதீங்க. உங்கட மகன்தான் விட்டவன் என்டு சொல்லுங்க."

செருப்புத் தேடும் சத்தம் நின்றது. அந்தக் கடையில் அவருக்கு ஒரு மூலைக் கதிரை இருக்கிறது. நான் பத்திரிகையில் சேர்ந்த நாளிலிருந்துதான் அது அவருடையது. அவர் அதில் இருக்கும்போது என் பெயரைச் சொல்லாமல் ஒருவரும் பேச்சைத் தொடங்குவதில்லை.

"அதையும் சொல்லத்தான் வேணுமா?"

"ஓம் அப்பா."

செருப்பு மறுபடி தரையில் உரசியது.

"சரி," என்றார். "அத முதல்ல சொல்றன்."